காற்றுக்கு எத்தனை சதவீத ஏற்றம்?

"சைக்கிள் வாங்கியாச்சு மாமா. மொதல்ல கடற்கரைப் பக்கம் சவுட்டிப் பழகவா, மலைப்பக்கம் போகவா?"

அக்கா மகன் கேட்டான். கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருந்தான். கடற்கரை சமதளம், அதனால் சுலபம். மலை ஏற்றம், அதனால் கஷ்டம். புதிதாகக் கியர் சைக்கிள் வாங்கும் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நான் திருப்பி ஒன்றே ஒன்று கேட்டேன்: "எந்த மாசம்?"

நான் நாகர்கோவில்காரன். தெற்கே முக்கால் மணி நேரம் ஓட்டினால் கடல். வடக்கே கொஞ்சம் கூடுதலாக ஓட்டினால் மலையடிவாரம். மேற்கே ரப்பர் தோட்டங்களும் மேடுபள்ளங்களும். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். பாலை நீங்கலாக நான்கு நிலமும் உள்ள மாவட்டம் என்று சொல்லாமல் எங்கள் ஊர் மேடையிலிருந்து யாரும் இறங்குவதில்லை. உண்மைதான். ஆனால் இந்த நான்கு நிலத்துக்கும் பொதுவாக மேலே ஒரு முதலாளி இருக்கிறார். காற்று. அவரைக் கேட்காமல் வழி போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு ஆடி மாதம் தெரிந்தது.

எங்களூரில் சைக்கிளை மிதிக்க மாட்டோம், சவுட்டுவோம். மலையாளத்தோடு ஒட்டிப் பிறந்த சொல். காலால் எட்டி உதைப்பதற்கும் அதே சொல்தான். எதிர்காற்றில் நாம் பெடலுக்குச் செய்கிற காரியத்தை 'மிதித்தல்' என்று சொல்வது கொஞ்சம் நாகரிகமாகப் படுகிறது.

அந்த ஆடி மாதக் கதைக்கு வருகிறேன். சைக்கிள் வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு (இதுவே முதல் தப்பு) வடசேரியிலிருந்து கிளம்பி தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாக வள்ளியூர் நோக்கிப் போனேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். தோவாளை தாண்டியதும் கால்களுக்கு ஏதோ அருள் வந்தது போல இருந்தது. மீட்டரில் 35, 38, ஒரு இடத்தில் 42. டவுன் பஸ்ஸை முந்தினேன். வள்ளியூர் வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான்கு மாதத்தில் இந்த முன்னேற்றம் என்றால் ஒரு வருடத்தில் எங்கே போய் நிற்பேன் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே இரண்டு ரசவடை சாப்பிட்டேன்.

திரும்பும்போது கணக்கு வந்தது. பணகுடி வரும்வரை பதினான்கு, பதினைந்தில் ஓட்டினேன். அதற்குப் பிறகு பத்து, ஒன்பது. சமதளச் சாலையில், மலையேற்றத்துக்கென்று வைத்திருந்த கடைசிக் கியரில், தலையைக் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு ஒன்பது! காவல்கிணறு தாண்டியதும் பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்து வண்டியை நடுச்சாலைக்குத் தள்ளியது. பின்னால் லாரி வராதது என் வீட்டார் புண்ணியம். இறங்கி உருட்டினேன். உருட்டும்போதும் எதிர்த்துத் தள்ளியது.

வாழைக்குலை ஏற்றிய ஒரு குட்டியானை வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயது இருக்கும், நெல்லைப் பக்கத்துக்காரர்.

"எங்கவே போறீரு?"

"நாகர்கோவில் அண்ணாச்சி."

"இந்தக் காத்துல சைக்கிளா? கிறுக்கா புடிச்சிருக்கு ஒமக்கு? தூக்கிப் போடும், ஏறும்."

அப்டா மார்க்கெட்டுக்குப் போகிற குலைகள். அவற்றின் மேலே என் கார்பன் ஃபோர்க் சைக்கிள் படுத்து வந்தது. முன்னிருக்கையில் உட்கார்ந்து முப்பந்தலைக் கடந்தபோது இரண்டு பக்கமும் காற்றாலைகள். ஏறத்தாழ 1,500 மெகாவாட் திறனுக்கு அங்கே காற்றாலை நட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் காற்று அதிகம் என்று பல வருடம் அளந்து பார்த்துத்தான் நட்டிருப்பார்கள். நான் அதே இடத்தைத்தான் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற இடத்தில் இருக்கிற இடைவெளி அது. தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் முட்டி, வழி தேடி, அந்த வாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு புகுகிறது. புனலின் வாய் பெரிதாகவும் கழுத்து சிறிதாகவும் இருந்தால் கழுத்தில் வேகம் கூடும் அல்லவா, அதே கதை. போகும்போது என் காலுக்கு வந்த அருள் இதுதான்.

வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். காற்று நம்மைத் தடுக்கிற விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நான் 20 கி.மீ. வேகத்தில் போகிறேன், எதிரே 30 கி.மீ. காற்று. என் மார்புக்குப் படுவது 50. காற்றில்லாத நாளைவிட இரண்டரை மடங்கு. விசையோ ஆறே கால் மடங்கு. நானும் வண்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 85 கிலோ. இந்த எடைக்கு அந்தக் கூடுதல் விசையைச் சரிவாக மாற்றிப் பார்த்தால் சுமார் 4 சதவீத ஏற்றம் வருகிறது. அதாவது ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் நான்கு மீட்டர் ஏறுகிற மலைச்சாலை. ஆரல்வாய்மொழியில் ஆடியில் 30 என்பது சாதாரணம். வீச்சு வரும்போது அதற்கும் மேலே. ஆக, நான் அன்று முப்பது கிலோமீட்டர் நீளமுள்ள, உச்சியே இல்லாத ஒரு மலையில் ஏறப் பார்த்திருக்கிறேன்.

உச்சி இல்லை என்பதுதான் கொடுமை. நிஜ மலையில் அந்த வஞ்சகம் கிடையாது. கொல்லிமலையில் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் 1/70, 2/70 என்று பலகை. பதினேழாவது வளைவில் அந்தப் பலகையைப் பார்க்கையில் வருகிற ஆத்திரம் தனி. ஆனாலும் மீதி வளைவு குறைந்துகொண்டே வருகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. ஏலகிரியில் 14, அங்கே வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். மூச்சு முட்டுகிற நேரத்தில் ஒரு வள்ளல் பெயர் எதிரே வந்தால் கொஞ்சம் தண்ணீர் கேட்கத் தோன்றும். இந்த மலைகளில் எட்டு, ஒன்பது கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும்போது காற்று பொருட்டே இல்லை. புவியீர்ப்பு ஒன்றுதான் எதிரி, அது நாளுக்கொரு திசையில் இழுப்பதும் இல்லை.

மருமகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். "சரி மாமா, இப்ப மாசிதானே, காத்து இல்லைல்ல?" என்றான். கடலில் தொடங்கி மலையடிவாரத்தில் முடிகிற மாதிரி ஒரு வழி போட்டேன். மணக்குடி, முட்டம், குளச்சல், தக்கலை, திருவட்டார், குலசேகரம், பேச்சிப்பாறை. அரை நாள் வேலை.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். சுசீந்திரம் தாண்டி மணக்குடி வரும்போது விடிகிற நேரம். பழையாறு கடலில் சேருகிற காயல் அது. 2004 சுனாமி இங்கிருந்த பாலத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. புதுப்பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்தினால் ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், இரண்டுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. எத்தனை முறை போனாலும் இந்த இடத்தில் நான் நிற்பேன். நிற்பதற்கு டயர் காற்றைப் பார்க்கிற சாக்கு.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் முட்டம்வரை, ஒரு ஊர் முடிகிற இடமே தெரியாமல் அடுத்த ஊர் தொடங்கும். தூரத்தில் தேவாலயக் கோபுரம் தெரிந்தால் ஊர், அது மறைவதற்குள் அடுத்த கோபுரம். ஒலிபெருக்கியில் காலை செபம். சாலையோரம் வலை காய்கிறது. சில இடங்களில் சாலை மேலேயே காய்கிறது. வலை மேல் சக்கரத்தை ஏற்றாதீர்கள். யாராவது திட்டுவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை, நைலான் இழை செயினுக்குள் புகுந்தால் கத்தி வைத்து அறுக்க அரை மணி நேரம் ஆகும். இன்னொன்று மணல். காற்று கொண்டுவந்து வளைவுகளில் தூவி வைத்திருக்கும். 25 மில்லிமீட்டர் டயரில் இரண்டு முறை சறுக்கி விழுந்த பிறகு நான் 32-க்கு மாறிவிட்டேன். வேகம் குறையும் என்று பயமுறுத்தினார்கள். நம்மூர்ச் சாலைக்கு அகலமான டயரும் குறைந்த காற்றழுத்தமும்தான் நிஜ வேகம்.

முட்டத்தில் கலங்கரை விளக்கம் இருக்கிற மேட்டுக்கு ஒரு சின்ன ஏற்றம் உண்டு. பாரதிராஜா 'கடலோரக் கவிதைகள்' எடுத்த பாறைகள் இவைதான். மருமகனுக்கு அந்தப் படம் தெரியவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பாறை நிழலில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஏழெட்டு வருடப் பழக்கம். காற்றின் பெயர்களை எனக்குச் சொல்லித் தந்தது அவர்தான். மேற்கிலிருந்து வந்தால் கச்சான். வடக்கிலிருந்து வாடை. கிழக்கே இருந்து கொண்டல். தரையிலிருந்து கடலுக்குப் போவது கரைக்காற்று.

"இன்னைக்கு எப்படி பெரியப்பா?"

"இப்ப கரைக்காத்துதான் கெடக்கு. பத்து மணிக்கு மேல கடல்ல இருந்து எடுக்கும். மலைக்கா போறிய?"

"ஆமா, பேச்சிப்பாறை."

"போவும்போ முதுவுல தள்ளும். வரும்போதுதான்..." என்று சொல்லிவிட்டு வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அவர் சொன்னதில் பழைய பாய்மரக்காரர்களின் கால அட்டவணையே இருக்கிறது. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் விடியும் முன்னே காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். அந்தக் காற்றில் பாய் விரித்துப் போவார்கள். வெயில் ஏறித் தரை கொதித்ததும் காற்று திசை மாறும். அந்தக் காற்றில் கரை சேருவார்கள். போகவும் வரவும் இலவச எஞ்சின். பருவக்காற்று இல்லாத மாசி, பங்குனியில் இது அப்பட்டமாகத் தெரியும். ஆனி, ஆடி, ஆவணியில் எல்லாவற்றையும் கச்சான் விழுங்கிவிடும். அந்த மாதங்களில் இந்தக் கடற்கரைச் சாலையில் போனால் விடியும் முன்னே குளச்சல் நோக்கி மேற்கே சவுட்டிவிட வேண்டும். எதிர்காற்றைக் காலையிலேயே, அது சோம்பலாக இருக்கும்போதே, முடித்துவிடுவது. திரும்பும்போது அதுவே கொண்டுவந்து விடும். வள்ளியூரில் நான் செய்தது இதற்கு நேர் தலைகீழ்.

கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சி. இங்கே மணல் கறுப்பு. இல்மனைட், மோனசைட் என்று கனிமங்கள் கலந்தது. வெயிலில் மினுமினுக்கும். அடுத்து மண்டைக்காடு. மாசிக் கொடை நேரம் என்பதை வழி போடும்போது மறந்துவிட்டேன். இருமுடியோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வர, இறங்கி ஒரு கிலோமீட்டர் உருட்டினோம். சைக்கிள்காரர் யாரும் வரைபடத்தில் கோயில் கொடை தேதியைக் குறிப்பதில்லை. குறிக்க வேண்டும். அந்த உருட்டலில் ஒரு அம்மா மருமகனைப் பார்த்து, "தொப்பி நல்லாருக்கு மக்களே" என்றார். ஹெல்மெட்டைச் சொன்னார்.

குளச்சல் கடற்கரையில் ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. 1741-ல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களை இங்கே தோற்கடித்தது. பிடிபட்ட டி லனாய் என்ற டச்சுத் தளபதி பிறகு அதே திருவிதாங்கூர்ப் படைக்கே தலைமை ஏற்றார். அவர் கல்லறை தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. தோற்ற இடத்திலிருந்து புதைக்கப்பட்ட இடத்துக்கு சைக்கிளில் ஒரு மணி நேரம் போதும். அவருக்கு முப்பத்தாறு வருடம் ஆனது.

குளச்சலில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியதும் ஊரே மாறிவிடும். சமதளம் என்பது இனி கிடையாது. செம்மண் குன்று, இறக்கத்தில் ஒரு தோப்பு, ஒரு ஓடை, உடனே நெஞ்சில் அடிக்கிற மாதிரி ஒரு ஏற்றம். எந்த வரைபடத்திலும் இதற்கு மலை என்று பெயர் இல்லை. முந்நூறு மீட்டர், நானூறு மீட்டர் நீளந்தான். ஆனால் பத்து, பன்னிரண்டு சதவீதம் வரும். வேகம் பிடித்து இறங்கி அந்த வேகத்திலேயே அடுத்ததில் ஏறிவிடலாம் என்று பார்த்தால், பள்ளத்தின் அடியில் சரியாக ஒரு வளைவும், ஒரு வேகத்தடையும், சாயாக்கடையிலிருந்து சாலையைக் கடக்கிற ஒருவரும் இருப்பார்கள். பேச்சிப்பாறை பெரிய உயரத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் ஏறியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துக் கொடுத்து ஏறுவதால், கூட்டிப் பார்த்தால் அதைப்போல் பல மடங்கு ஏறியிருப்போம். கொல்லிமலைக்காரர் ஒருவரை இங்கே கூட்டிவந்தபோது, "எங்க மலையில ஏறினா ஏறினதுங்க, இது என்ன ஊஞ்சல்?" என்று கேட்டார்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்க்கும்போது இந்த எரிச்சல் உச்சத்துக்குப் போகும். 1966-ல் கட்டியது. பறளியாற்றுப் பள்ளத்தின் குறுக்கே, 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் பாசனத் தண்ணீர் பாலத்தில் நடந்து போகிறது. ஒரு அடிகூட இறங்கி ஏறாமல். நாம் அடியில் இறங்கி, மறுபடி ஏறி, மூச்சு வாங்கி நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே அது அலுங்காமல் போய்க்கொண்டிருக்கிறது. சைக்கிள் சவுட்டுகிறவனுக்குத் தண்ணீர் மேல் பொறாமை வருகிற ஒரே இடம்.

பதினொரு மணிக்கு மேல் முதுகில் ஒரு கை வைத்தது போல இருந்தது. பெரியவர் சொன்ன கடற்காற்று. ஏற்றங்களில் தெரியாது, ஏற்றம் முடிந்து வேகம் பிடிக்கும்போது இரண்டு படி கூடுதலான கியரில் போய்க்கொண்டிருப்போம், அவ்வளவுதான். மருமகன் திருவட்டார் தாண்டியதும் என்னை விட்டுவிட்டு முன்னே போய்விட்டான். அவன் முகத்தில் நான் வள்ளியூருக்குப் போகும்போது இருந்த அதே களை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

குலசேகரத்துக்குப் பிறகு சாலை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. கார்த்திகை வாக்கில் விடியும் முன்னே வந்தால் மரங்களுக்கிடையே நெற்றி விளக்குகள் நகரும், பால் வெட்டுகிறவர்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் அந்த நேரம். மாசியில் அந்தக் காட்சி இல்லை. மரங்கள் இலையுதிர்த்து, சிலவற்றில் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தது. ரப்பர்க்காடு என்றால் எப்போதும் நிழல் என்று நம்பி மாசியில் உச்சிவெயிலில் வருகிறவர்கள் வெந்துபோவார்கள். நிழல் இருக்கிற மாதங்களிலோ வேறு ஆபத்து. இலைகளுக்கிடையே விழுகிற வெயில் சாலையில் புள்ளிபுள்ளியாக ஆடும், குழி எது நிழல் எது என்று கண்ணுக்குத் தெரியாது. பாறைப்பொடி டிப்பர்கள் போன சாலையில் குழிக்குப் பஞ்சமே இல்லை. இறக்கத்தில் நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன்.

பேச்சிப்பாறை அணைக்கு வந்தபோது மணி ஒன்று. கோதையாற்றின் குறுக்கே, மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், மிஞ்சின் என்ற ஐரோப்பியப் பொறியாளர் கட்டியது, 1906-ல் முடிந்தது. எதிர்க்கரையில் மலை நேரடியாகத் தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கிறது. அதற்கு மேல் காடும் யானையும் வனத்துறைச் சோதனைச்சாவடியும், சைக்கிளுக்கு அங்கே வேலையில்லை. கடையில் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் இருந்தது. காலையில் எந்தக் கடலோரமாக வந்தோமோ அந்தக் கடலின் சாளை.

மருமகன் கைகழுவிவிட்டு வந்து சைக்கிளை நிமிர்த்தினான். "இனிமே இறக்கம்தானே மாமா? தக்கலை வரைக்கும் சவுட்டாமலே போயிடலாம் போலயே."

தண்ணீரின் மேல் சின்னச் சின்ன அலைகள் தெற்கேயிருந்து மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கடைக்காரரிடம் இன்னும் ஆறு மட்டிப்பழம் வாங்கி, நான்கை அவன் சட்டைப் பையில் வைத்தேன்.